மே லீவில் ஜப்பான் போய்ப் படிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறாள். ஜப்பானிய மொழி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. மே லீவில் ஜப்பானிலேயே தங்கிப் படிக்கிற கோடை வகுப்பில் சேர்க்கலாமா?
- ஒரு அம்மா, கொளத்தூர்

பதில்: ஆசை நல்ல ஆசை, மாதம்தான் இடிக்கிறது. அங்கே பள்ளி ஆண்டே ஏப்ரலில்தான் தொடங்கும், கோடை விடுமுறை ஜூலை பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை, பதின்வயதுப் பிள்ளைகளுக்கான வகுப்புகளும் பெரும்பாலும் அதையொட்டித்தான், அப்போது உங்கள் மகள் பிளஸ் ஒன் வகுப்பில் இருப்பாள். மே தொடக்கத்தில் போனால் அங்கே தொடர் விடுமுறைக் கூட்டம், விடுதி வாடகையும் எகிறிக் கிடக்கும்.

அதனால் இந்த லீவில் சென்னையிலேயே அடித்தளம் போடுங்கள். அமிஞ்சிக்கரை ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் முறையாகச் சொல்லித்தருகிறார்கள். ஜப்பானிய மொழியின் இரண்டு எழுத்து வரிசைகளான ஹிரகானாவில் 46, கதகானாவில் 46 அடிப்படை எழுத்துகள், தினமும் எழுதினால் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். இலக்கணம் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய பயம் இல்லை, 'தோக்யோ நி இகிமஸ்' என்றால் 'டோக்கியோவுக்குப் போகிறேன்', நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில், 'நி' நம்முடைய 'கு'. டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம்.

அப்புறம் பிளஸ் டூ முடித்த பிறகு அனுப்புங்கள். சேர்க்கும் முன் தங்கப்போவது ஜப்பானியக் குடும்பத்தோடா விடுதியிலா, உடன் படிப்பவர்கள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வார்களா, விமான நிலையத்தில் யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.