டோக்கியோவில் கடைவீதி சுற்றுவது வெட்டி வேலையா?

ஆறு நாள் டோக்கியோ போகிறேன், கடைவீதிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா, இல்லை வெட்டி வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை போகிறீர்கள், கையில் பணமும் அளவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இரண்டு நாளாகவே ஒதுக்குங்கள். எல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே என்று யாராவது சொல்லுவார்கள். கிடைக்கும், நான் மறுக்கவில்லை. தெருவே தெருவாக நடந்து பார்ப்பது அதில் கிடைக்காது.

ஆனால் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று பார்த்துக்கொண்டு போங்கள். ஆபீஸ் வேலையாகப் போன எனக்குக் கிடைத்தது ஒரு ஞாயிறும் அடுத்த சனியும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பாபாஷிக்குப் போனேன். உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில், ஏறக்குறைய 800 மீட்டருக்குச் சமையல் சாமான் கடைகளாகவே இருக்கும் தெரு அது. முனைக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் ஒருவரின் பெரிய சிலை இருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே நடந்தால் வரிசையாக ஷட்டர் இறக்கியிருந்தது. ஓட்டல்காரர்களை நம்பி நடக்கும் தெரு, ஞாயிறு பல கடைகளுக்கு விடுமுறை. மனசே விட்டுப்போய்விட்டது. பக்கத்துத் தவராமாச்சி ஸ்டேஷனில் ரயில் ஏறி நேராகக் கின்ஸா என்ற பெரிய கடைவீதிப் பகுதியில் இறங்கினேன். அங்கே சனி, ஞாயிறு மதியம் 12 மணியிலிருந்து மெயின் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், 1970-லிருந்தே அப்படித்தான். அவ்வளவு பெரிய ரோட்டின் நடுவில் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருந்தேன்.

சனிக்கிழமை திரும்பவும் கப்பாபாஷி. அம்மாவுக்கு ஒரு கத்தி வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கத்தியைப் போய் யாராவது பரிசாகக் கொடுப்பார்களா என்று கேட்டவர்கள் உண்டு. முப்பது வருடம் மொக்கைக் கத்தியோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். வாங்கினால் பெயர் பொறித்துத் தருகிறார்கள். தமிழில் எழுதிக் காட்டினேன். வயதானவர் ஒருவர் அந்தச் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், அப்புறம் சின்ன உளியைப் பிடித்து ஒவ்வொரு சுழியாக, டொக் டொக்கென்று துளித்துளியாகத் தட்டி எடுத்தார். கடைசி எழுத்தின் புள்ளியை நகத்தால் தொட்டு, இது வேண்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். ஒரே தட்டு, புள்ளி விழுந்துவிட்டது. பணத்தைக் கையில் நீட்டினேன், அவர் ஒரு சின்னத் தட்டைத் தள்ளினார். அங்கே பணத்தை அதில்தான் வைக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகிறோம் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் லிஸ்ட் அனுப்புவார்கள். நான் அந்தச் சனிக்கிழமை மதியம் முழுக்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபராவில் யாரோ கேட்ட ஹெட்போனைத் தேடி ஏழெட்டு மாடி ஏறி இறங்கினேன். பணம் இன்னும் வரவில்லை. கேட்டால் நான் அற்பமாகப் பேசுகிறேன் என்கிறார்கள். பணம் அப்புறம், போன அந்த அரை நாளை யார் தருவார்கள்? தயவுசெய்து யாரிடமும் லிஸ்ட் வாங்காதீர்கள்.

பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். வரிவிலக்குக் கடைகளில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத வரி கிடையாது. 2026 நவம்பர் 1 முதல் வரியோடு கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெற வேண்டும். கத்தி வாங்கினால் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பழைய புத்தகம் பிடிக்கும் என்றால் ஜிம்போச்சோவுக்கும் போங்கள், அங்கேயும் ஞாயிறு நிறையக் கடை இருக்காது, சனிக்கிழமையே போய்விடுங்கள்.