ரன்டைம் சஸ்பெண்டை இயக்கிய பிறகு மானிட்டர் கேபிளைச் செருகினால் டிரைவர் கண்டுகொள்ளாதது ஏன்?

லினக்ஸ் கெர்னலுக்கு டிஸ்ப்ளே டிரைவர் எழுதிவருகிறீர்கள். ரன்டைம் சஸ்பெண்டை, அதாவது வேலையில்லாத சாதனத்தை கெர்னல் தூங்கவைக்கும் வசதியை, இயக்கியதிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் சில நேரம் எதுவுமே நடப்பதில்லை, சில நேரம் திரை முழுவதும் உறைந்துபோகிறது. ஹாட்பிளக் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே (கேபிள் செருகப்பட்டதாக ஹார்டுவேர் அறிவித்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே) சாதனத்தை, அதாவது டிஸ்ப்ளே சிப்பை, எழுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. ஹேண்ட்லர் காத்திருக்கக்கூடாத இடம். சாதனத்தை எழுப்புவதோ கிளாக்கும் மின்னழுத்தமும் நிலைபெறும்வரை காத்திருக்கும் வேலை. மானிட்டர் தன் ரெசல்யூஷன் முதலியவற்றைச் சொல்லும் இடிஐடி தகவலைப் படிப்பதும் அப்படித்தான். 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஐ2சி என்ற மெதுவான தொடர்பு வழியாக ஒரு 128 பைட் தொகுதியைப் படிக்க மட்டும் சுமார் 12 மில்லிசெகண்ட் ஆகும். ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்து, இன்டரப்டை ஏற்றுக்கொண்டதாக எழுதி, மீதியை ஒர்க்கியூவிடம் (காத்திருக்க அனுமதியுள்ள பின்னணி வேலைவரிசையிடம்) ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

அந்த ரிஜிஸ்டரைத் தொடுவதற்கு முன்பே ஒரு சோதனை தேவை. இன்டரப்ட் லைன் பகிரப்பட்டதாக இருந்தால், வேறொரு சாதனத்தின் இன்டரப்டுக்கும் உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படும். தூங்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனத்தைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாக வரும். எல்லா போர்ட்டிலும் கேபிள் செருகியதாக டிரைவர் நம்பிவிடும். கிளாக் நிறுத்தப்பட்ட சிப்களில் நிலைமை இன்னும் மோசம், சில சிப்களில் பஸ்ஸே நின்றுவிடும். ஆகவே, சாதனம் விழித்திருந்தால் மட்டும் பிடித்துவைக்கும் 'கெட் இஃப் ஆக்டிவ்' வகை ரன்டைம் அழைப்பைப் பயன்படுத்துங்கள். அது காத்திருக்காது. விழித்திருக்கவில்லை என்றால் இன்டரப்ட் உங்களுடையது அல்ல என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

இனி உங்கள் முதல் சிக்கல். சாதனம் தூங்கும்போது கேபிளைக் கவனிப்பது யார்? இதற்கு ஹார்டுவேரிடம்தான் பதில் இருக்கிறது. ஹாட்பிளக் பின் எப்போதும் மின்சாரம் உள்ள பகுதியிலோ தனி ஜிபிஐஓவிலோ (பொதுப் பயன்பாட்டுப் பின்னிலோ) இணைந்திருந்தால், அதைத் தூங்கும் சாதனத்தை எழுப்பும் வேக் இன்டரப்டாகப் பதிவுசெய்யலாம். தனி கிராபிக்ஸ் சிப் உள்ள சில லேப்டாப்களில் ஏசிபிஐ ஃபர்ம்வேர் தகவல் அனுப்பும். என்விடியா சிப்களுக்கான நோவோ டிரைவர் அதற்குக் காதுகொடுக்கிறது. இன்டெலின் வேலிவியூ சிப்பில் டிஸ்ப்ளே பகுதியின் மின்சாரம் நின்றால் ஹாட்பிளக் இன்டரப்டும் வராது, ஆகவே இன்டெலின் ஐ915 டிரைவர் போலிங்குக்கு, அதாவது இடைவெளிவிட்டு தானே போய்ப் பார்ப்பதற்கு, மாறிக்கொள்கிறது. கெர்னலின் டிஸ்ப்ளே பகுதியான டிஆர்எம்மில் போலிங்கின் இடைவெளி 10 விநாடி. கேபிளைச் செருகிய பயனர் அவ்வளவு நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் சாதனத்தை எழுப்பிப் பார்ப்பதாக இருந்தால் மிச்சப்படுத்திய மின்சாரமும் வீண். வேக் இன்டரப்டுக்கு வழி இருக்கும்போது போலிங்கை நாடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

திரை உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். போலிங்கைச் செய்யும் ஒர்க்கர், கனெக்டரில் மானிட்டர் உள்ளதா என்று பார்க்கும் டிடெக்ட் ஃபங்ஷனை அழைக்கிறது. டிடெக்ட், எழும்வரை காத்திருக்கும் 'கெட் சிங்க்' அழைப்பின் மூலம் சாதனத்தை எழுப்பச் சொல்கிறது. அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ரன்டைம் சஸ்பெண்ட் தொடங்கிவிட்டது. அது முடியட்டும் என்று டிடெக்ட் நிற்கிறது. சஸ்பெண்ட் ஃபங்ஷனோ போலிங்கை நிறுத்த முயல்கிறது, அதாவது ஒர்க்கர் முடியட்டும் என்று அது நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. நோவோ, ரேடியான், ஏஎம்டிஜிபியூ ஆகியவற்றில் இதே முடிச்சு இருந்தது. 2018இல் கெர்னலில் வந்த தீர்வு நேரடியானது: டிடெக்ட் தான் போலிங் ஒர்க்கருக்குள் ஓடுகிறதா என்று பார்க்கும், ஆம் என்றால் எழுப்பச் சொல்லாது. இந்த டிரைவர்களில் சாதனம் விழித்திருக்கும்போது மட்டுமே அந்த ஒர்க்கர் ஓடும் என்பதால் எழுப்பத் தேவையும் இல்லை. உங்கள் ஹாட்பிளக் ஒர்க்கையும் இதே கண்ணோடு பாருங்கள். சஸ்பெண்ட் பாதை எந்த ஒர்க் முடியக் காத்திருக்கிறதோ, அந்த ஒர்க் சாதனத்தை எழுப்பக் காத்திருக்கக்கூடாது.

லாக் முடிச்சுகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப் எச்சரிக்கும் என்று காத்திருக்காதீர்கள், ரன்டைம் பிஎம்மின் (ரன்டைம் சஸ்பெண்டை நடத்தும் கெர்னல் பகுதியின்) காத்திருப்பு அதன் பார்வையில் லாக் அல்ல. 120 விநாடி கழித்து வரும் 'ஹங் டாஸ்க்' செய்தியைப் பாருங்கள். அதில் இரண்டு ஸ்டாக் ட்ரேஸ் (நின்றுபோன ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியல்) கிடைத்து, ஒன்று 'ஆர்பிஎம் ரெசியூம்' என்ற ஃபங்ஷனிலும் மற்றது ஒர்க்கை ரத்துசெய்யும் ஃபங்ஷனிலும் நின்றால், நான் சொன்ன முடிச்சேதான்.

டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தால் ஹாட்பிளக் பின்னில் வரும் துடிப்பின் நீளத்தையும் கவனியுங்கள். 2 மில்லிசெகண்டுக்கு மேல் தாழ்ந்தால் கேபிள் கழன்றதாகப் பொருள். அதற்குக் குறைவான சிறு துடிப்பு, லிங்க் நிலையைப் பார்க்கும்படி மானிட்டர் அழைப்பது. அதைக் கழற்றியதாக எண்ணித் திரையை அணைத்துவிடக்கூடாது. மோசமான கேபிள் இன்டரப்டைக் கொட்டித் தீர்க்கும். ஐ915 ஒரு விநாடிக்குள் வருவதை எண்ணுகிறது. நீண்ட துடிப்பை 10 ஆகவும் சிறு துடிப்பை 1 ஆகவும் கணக்கிடுகிறது. இயல்பான வரம்பான 50ஐத் தாண்டினால் அந்த இன்டரப்டை அடைத்துப் போலிங்குக்கு மாறி, 2 நிமிடம் கழித்து மறுபடி திறக்கிறது. இதே முறையை நீங்களும் தாராளமாகப் பின்பற்றலாம்.

சஸ்பெண்டில் முதலில் சாதனத்தின் இன்டரப்டை மாஸ்க் செய்து (வராமல் அடைத்து), ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகே மின்சாரத்தை நிறுத்துங்கள். ரெசியூமில் இன்டரப்டைத் திறந்ததும் எல்லா கனெக்டரையும் மறுபடி டிடெக்ட் செய்யுங்கள், தூக்கத்தில் நடந்ததற்கு இன்டரப்ட் வந்திருக்காது. இதைச் சோதிக்க, லேப்டாப்பைத் தூங்கவிட்டு, ஒரு மானிட்டரைக் கழற்றி அதே போர்ட்டில் வேறு ரெசல்யூஷன் உள்ள இன்னொன்றைச் செருகி எழுப்புங்கள். முன்பும் 'இணைக்கப்பட்டது', இப்போதும் 'இணைக்கப்பட்டது' என்பதால் நிலையை மட்டும் ஒப்பிடும் டிரைவர் பழைய இடிஐடியையே வைத்துக்கொண்டிருக்கும்.