தசையின் பெயர் தெரியும், நடைதான் புரியவில்லை

கேள்வி: கோலாலம்பூரில் ஆஸ்டியோபதி (எலும்பு, தசைக் கோளாறுகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலின் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் மனப்பாடம். ஆனால், ஒருவரை நடக்கச் சொல்லிப் பார்த்தால் எதுவும் பிடிபடவில்லை. உடலின் அசைவை விசைக் கணக்கோடு படிக்கும் பயோமெக்கானிக்ஸ் வகுப்பில் தலை சுற்றுகிறது. எப்படிப் படிப்பது?
– வாசகி, செந்தூல்

பதில்: மனப்பாடம் வீண் போகாது, தங்கையே. தசை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்று தெரியாமல் இந்தப் படிப்பில் நகரவே முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் தசையின் வேலையைச் சொல்லும்போது பெரும்பாலும் பாதம் காற்றில் இருப்பதாக வைத்துக்கொண்டே சொல்கின்றன. நடையிலோ ஒவ்வொரு காலும் சுமார் 60 விழுக்காடு நேரம் தரையில் ஊன்றியிருக்கிறது. பாதம் ஊன்றிவிட்டால் தசை மறுமுனையைத்தான் அசைக்கும்.

இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தொடையை வெளிப்பக்கம் விலக்கும்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். சரி, நடக்கும்போது யார் தொடையை விலக்குகிறார்கள்? நீங்கள் வலது காலை ஊன்றும்போது இடுப்பெலும்பு இடப்பக்கம் சரியாமல் வலப்பக்கத்து மீடியஸ் பிடித்து நிறுத்துகிறது. அதன் அன்றாடப் பிழைப்பே அதுதான். அது பலவீனமானால் எதிர்ப்பக்க இடுப்பு இறங்கும். இல்லையென்றால் ஆள் பலவீனமான பக்கமே உடம்பைச் சாய்த்து நடப்பார். ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லும் ட்ரெண்டலன்பர்க் சோதனையில் பார்ப்பது இதைத்தான்.

உங்களைத் தலைசுற்ற வைக்கும் கணக்கும் இங்கேயே இருக்கிறது. விசையையும் மூட்டிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் திருப்புத்திறன், அதாவது மூட்டைச் சுழற்றும் வலு. உடல் எடை இடுப்பு மூட்டிலிருந்து தள்ளி விழுகிறது. மீடியஸோ மூட்டுக்குக் கிட்டே நின்று இழுக்க வேண்டும். அதனால் எடையைவிட அதிக விசையோடு இழுத்தாக வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும்போது மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு பாரம் விழுவது இப்படித்தான். இடுப்பு மூட்டு வலிக்காரரை ஊன்றுகோலை எதிர்க்கையில் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான்.

சோலியஸும் அப்படியே. முழங்காலைத் தாண்டாத கெண்டைக்கால் தசை, ஆனால் பாதம் ஊன்றியிருக்கும்போது கீழ்க்கால் எலும்பான டிபியாவைப் பின்னுக்கு இழுத்து முழங்கால் நீள உதவுகிறது. முழங்கால் கடைசியில் நீண்டு பூட்டிக்கொள்வதையும் பாருங்கள். கால் தொங்கினால் டிபியா வெளிப்புறம் திரும்பும். ஊன்றினால் தொடை எலும்பு உட்புறம் திரும்பும். பூட்டைத் திறப்பது முழங்காலின் பின்னால் இருக்கும் பாப்லிட்டியஸ் தசை. ஆகவே நோட்டில் ஒவ்வொரு தசைக்கும் 'தொங்கும்போது', 'ஊன்றும்போது' என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அப்புறம், விடுமுறை நாளில் பத்துமலைக்குப் போய் 272 படிகளின் அடியில் நில்லுங்கள். ஏறுபவர்களை விட்டுவிடுங்கள், இறங்குபவர்களைப் பாருங்கள். ஊன்றிய காலின் குவாட்ரிசெப்ஸ் (தொடையின் முன்பக்கத் தசை) நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கி இறக்கும்; முட்டி வலி உள்ளவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கும் அத்தைமார் எந்தத் தசையை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஒரு நாள் இடுப்பை மட்டும், அடுத்த முறை முழங்காலை மட்டும், பிறகு குதிகாலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றும் தெரியாது. தயவுசெய்து வீடியோ மட்டும் எடுக்க வேண்டாம், யாராவது சண்டைக்கு வருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் காலைப் பிடிச்சு விடும்மா" என்று உறவுக்காரர்கள் இப்போதே வரத் தொடங்கியிருப்பார்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிக்கிறது என்றால் கை வைக்காதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.