ஞானஸ்நானத்தில் தண்ணீர் எதற்கு? மனம் திருந்தினால் போதாதா?

நியாயமான கேள்விதான். கழுவுதல் என்று மட்டும் பார்த்தால் பாதிப் பொருள் விட்டுப்போகும். ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'அமிழ்த்துதல்' என்று அர்த்தம். கப்பல் மூழ்கியதைச் சொல்லவும் அந்தக் காலத்தவர் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

யோர்தான் நதியில் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானம் மனந்திரும்புதலின் அடையாளம். அப்போஸ்தலர் பவுல் இன்னும் ஆழமாகப் போகிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் அவர் பேசுவது குளியலைப் பற்றி அல்ல, அடக்கம் செய்யப்படுவதைப் பற்றி. தண்ணீருக்குள் போகிறவர் கிறிஸ்துவோடு புதைக்கப்படுகிறார். எழும்பும்போது புதிய வாழ்வுக்கு எழுகிறார். ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, இன்னொருவர் கையை நம்பிச் சாய்ந்து பாருங்கள். அந்த ஒப்பீடு உடலுக்கே புரிந்துவிடும்.

இது தனிமனித முடிவு மட்டுமல்ல; சபையில் ஒருவராகச் சேரும் வாசலும்கூட. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கும் வழக்கத்துக்கு மத்தேயு 28:19 அடிப்படை.

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன் சபையினர் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள்: அருள் முதலில், அறிவு பிறகு. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே கொடுக்கின்றன. முழுக்கா தெளிப்பா என்ற சண்டை எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. 'திதாகே' என்னும் மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடே ஓடும் நீரை விரும்பிவிட்டு, போதிய தண்ணீர் இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றச் சொல்கிறது.