இலவசப் பூட்டுத் தளத்தில் ஐடியை ஏற்றாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமான பிறகு இருவரின் ஐடி நகல்கள், வீட்டுப் பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட், தாத்தா கப்பலில் வந்த பதிவின் படம் எல்லாம் லேப்டாப்பில்தான் இருக்கின்றன. பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்ட் போட்டுத் தரும் இலவச இணையதளம் ஒன்றைப் பேரன் காட்டினான். நம்பலாமா? பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி வைப்பதும் தப்பு என்கிறான்.

பதில்: அதில் ஏற்றாதீர்கள் அம்மா. அந்தத் தளம் பூட்டித் தர வேண்டுமென்றால், பூட்டாத ஐடி முதலில் முன்பின் தெரியாத ஒருவருடைய கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று பக்கத்தின் அடியில் எழுதியிருப்பார்கள். அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

வீட்டிலேயே பூட்டலாம். 7-ஜிப் என்ற மென்பொருள் இலவசம். ஒரு முறை இறக்கிக்கொண்டால் பூட்டுவதற்கு இணையமே வேண்டாம். ஆனால் 7-ஜிப் டாட் ஆர்க் என்ற முகவரியிலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள், போலிகள் அங்கேதான் காத்திருக்கின்றன. ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, 7-ஜிப் மெனுவில் 'Add to archive' என்பதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். 7இசட் வகையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை இரண்டு முறை அடித்து, ஃபைல் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். அந்த டிக் இல்லையென்றால் திறக்க முடியாதவனும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெயர்களைப் படித்துவிடுவான். பூட்டியதை ஒரு முறை திறந்து பார்த்து, யுஎஸ்பியில் ஒரு நகல் எடுத்த பிறகே பழைய ஃபைலை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ய மறக்காதீர்கள். பலர் அருமையாகப் பூட்டிவிட்டு, பூட்டாத நகலை டவுன்லோட்ஸில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

தாத்தாவின் கப்பல் பதிவைப் பூட்ட வேண்டாம். அந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன. அதை நாலு பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள், தொலையாது.

பாஸ்வேர்டாக ஐடி எண்ணைப் போட்டுவிடாதீர்கள். பேங்குகள் ஸ்டேட்மென்டை அந்த எண்ணால் பூட்டி அனுப்பி அனுப்பி நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. 13 இலக்கம் என்றதும் பலமாகத்தான் தெரியும். ஆனால் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த நான்கு, பெண்களுக்கு 5000-க்குக் கீழே. பதினொன்றாவது குடியுரிமையைக் காட்டுவது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. உங்கள் பிறந்த நாள் தெரிந்தவனுக்கு மிஞ்சுவது சில ஆயிரம் எண்கள்தான். கணினிக்கு அது நொடிக்கணக்கு வேலை. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் பொப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. இருந்தும், வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்கச் சொல்லும் ஃபைகா சட்டத்தைக் காட்டி, ஃபைகா, ஃபைகா என்று அதே ஐடி நகலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். போன வருடம் கொடுத்தது எங்கே என்று கேட்டால் பதில் வராது. முருகன் பெயரோடு, நம் முன்னோர் முதன்முதலில் இங்கே கப்பலில் வந்த 1860-ஐச் சேர்ப்பதும் வேண்டாம், நம்மவர்களில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருப்பார்கள். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வையுங்கள், போதும்.

நோட்டு விஷயத்தில் பேரன் பக்கம் நான் இல்லை. அலுவலக மேசையில் ஒட்டி வைப்பது தப்பு. வீட்டில் தனியாக இருக்கும் உங்களுக்கு நோட்டு நல்லதே. இணையத்தில் திருடுபவன் உங்கள் அலமாரிக்கு வர முடியாது. வீடு புகுந்தவன் லேப்டாப்பைத் தூக்குவானே தவிர சமையல் குறிப்புகளுக்கு நடுவே இருக்கும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் நோட்டு லேப்டாப் பையில் இருக்கக் கூடாது. அதைப் படம் எடுத்து போனில் வைக்கக் கூடாது. பேங்க் கார்டின் பின் நம்பர் அதில் வேண்டாம். பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்ட் பெட்டிக்கு மாறினாலும் அதன் தலைமைப் பாஸ்வேர்ட் நோட்டில் இருக்கட்டும், ஏனென்றால் மறந்துபோனால் அந்தக் கம்பெனியாலும் அதை மீட்டுத் தர முடியாது. நோட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்காவது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கணவரின் ஈமெயிலைத் திறக்க நீங்கள் என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது: உதவி செய்கிறேன் என்று வருபவர்கள். லேப்டாப்பின் திரை மாற்றும் கடைக்காரருக்கு உங்கள் பாஸ்வேர்ட் எதற்கு? நீங்களே அடித்துத் திறந்து, திரை எரிகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். இவர்களைவிட மோசம், இருநூறு ராண்டுக்கு சார்ஸ் (வரித்துறை) இ-ஃபைலிங் செய்து தருகிறேன் என்று கிளம்பியிருக்கும் ஆட்கள். உங்கள் பெயரில் கணக்கைத் திறந்து, தங்கள் போன் நம்பரைப் பதிந்துவிடுவார்கள். அப்புறம் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். வரி திரும்பி வரும்போது பேங்க் கணக்கு எண்ணும் மாறியிருக்கும். இன்றே இ-ஃபைலிங்கில் உங்கள் நம்பர், ஈமெயில், பேங்க் விவரம் மூன்றையும் பாருங்கள்.

ஐடி நகல் ஏற்கெனவே எங்கெங்கோ போயிருந்தால், தெற்கு ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையான எஸ்ஏஎஃப்பிஎஸ்-இல் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், கூடுதலாகச் சரிபார்க்கும்படி கடன் கொடுப்பவருக்கு அது எச்சரிக்கை காட்டும். அது இலவசம். காசு வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.