களைக்கொல்லி ஆபத்து என்று சொன்ன விஞ்ஞானிகளைக் கம்பெனிகள் பழிவாங்கியது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மைதான். அடியாள் அனுப்பி மிரட்டியிருப்பார்கள் என்று நினைத்துக் கேட்டிருந்தால், அவ்வளவு செலவெல்லாம் தேவையே இல்லை. ஆளைக் கோமாளியாக்கிவிட்டால் அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டிய வேலை மிச்சம். சில்லறை அளவில் நானே அதைச் செய்திருக்கிறேன்.

2006லிருந்து ஐந்து வருடம் பெரம்பலூர் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் ஃபீல்டு அசிஸ்டெண்டாக இருந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், கீழே பெயர் வரும் கம்பெனி இல்லை. மக்காச்சோளக் காட்டுக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி விற்பதுதான் முக்கிய வேலை. விதை ஊன்றி மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது அடித்துவிட்டால் புல் தலைகாட்டாது.

ஒரு ஐப்பசியில் வேப்பமரத்தடியில் விவசாயிகள் கூட்டம் போட்டோம். டீ, வடை, ஆளுக்கொரு தொப்பி. நான் பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். உள்ளூர்க்காரர், கல்லூரியில் விலங்கியல் எடுப்பவர். “மழை விட்டால் இந்தக் குட்டையில் தவளைச் சத்தம் காதைக் கிழிக்கும் தம்பி. இப்ப நாலஞ்சு வருசமா இல்லை. இந்த மருந்து தண்ணியில கலந்தா என்ன ஆகும்னு யாராவது பார்த்திருக்கீங்களா?” என்றார்.

யாரும் பார்க்கவில்லை. குறைந்தபட்சம் என்னிடம் பதில் இல்லை. “சார், தவளைக்குக் கூலி குடுத்தா களை பறிக்குமா?” என்றேன். கூட்டமே சிரித்தது. பக்கத்திலிருந்த பெரியவர் வாயிலிருந்த வெற்றிலை தெறித்து என் சட்டையில் விழுந்தது. வாத்தியார் டீ டம்ளரைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வண்டியில் திரும்பும்போது ஏரியா மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மாதிரி தட்டிக்கொடுக்கத்தான் அவருக்குத் தெரியும். பயணப்படி பில்லில் கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் பேனா கிடைக்காது. பதினோரு மாத பெட்ரோல் பில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அது வேறு கதை.

வேலையை விட்ட பிறகுதான் டைரோன் ஹேஸ் பற்றிப் படித்தேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தவளை ஆராய்ச்சி செய்பவர். 1997ல் அவரை அட்ரசின் ஆய்வுக்கு அமர்த்தியதே அதைத் தயாரித்த நோவார்டிஸ் கம்பெனி தரப்புதான். அந்தப் பிரிவு பிறகு சின்ஜென்டா ஆனது. வந்த முடிவு அவர்களுக்கு ருசிக்கவில்லை. 2000ல் ஹேஸ் விலகி, சொந்தமாக மறுபடி செய்துபார்த்து 2002ல் வெளியிட்டார். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அட்ரசின் இருந்தாலே ஆண் தவளைகளுக்குள் பெண் உறுப்புகளும் வளர்ந்தன என்றார். அமெரிக்கக் குடிநீரில் அனுமதித்த அளவு 3 மைக்ரோகிராம், அதாவது முப்பது மடங்கு. 2010ல் இன்னொரு கட்டுரை. ஆணாகப் பிறந்த தவளைகளில் பத்தில் ஒன்று முழுப் பெண்ணாகவே மாறியது, சில முட்டையும் இட்டன.

இயற்கை விவசாயப் போராளி ஒருவன் வந்துவிட்டான் என்று கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள். வேறு ஆய்வகங்களில் இதே முடிவு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2007ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, தவளையின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியை அட்ரசின் பாதிக்கவில்லை என்றே சொன்னது. அது நம்பிய ஆய்வுக்குக் காசு கொடுத்தது சின்ஜென்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹேஸும் சாது இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு ஆபாசமாக மெயில் அனுப்பி, அதையே அவர்கள் புகாராக்கும்படி வைத்துக்கொண்டார்.

ஆனால் தண்ணீரில் அட்ரசின் கலந்ததற்காக அமெரிக்கக் குடிநீர் அமைப்புகள் போட்ட வழக்கில் கம்பெனியின் உள்காகிதங்கள் வெளியே வந்தன. வழக்கை 2012ல் 10.5 கோடி டாலர் கொடுத்து, தப்பை ஒப்புக்கொள்ளாமலே முடித்தார்கள். மக்கள் தொடர்புப் பிரிவில் கையால் எழுதிவைத்த குறிப்பில், ஹேஸின் நம்பகத்தன்மையைக் கெடுப்பது முதல் குறிக்கோள். மனைவியைப் பற்றி விசாரிக்கவும் ஒரு யோசனை. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் ‘நம்பத்தகாதவர்’ என்று தங்கள் விளம்பரம் வரும்படி அவர் பெயரையே தேடுசொல்லாக வாங்கியிருந்தார்கள்.

படித்தபோது எனக்கு அந்த வெற்றிலைக் கறைதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்குக் கோடிக்கணக்கில் செலவு, எனக்கு ஒரு வரி.

இந்தியாவில் 2020ல் தடைசெய்ய உத்தேசித்த 27 பூச்சிமருந்து, களைமருந்துகளின் வரைவுப் பட்டியலில் அட்ரசினும் இருந்தது. கடையில் இன்றும் கிடைக்கிறது. வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் வேறென்ன செய்வார்கள்? அந்த வாத்தியாரின் அண்ணனே மறு வாரம் எங்கள் டீலர் கடைக்கு வந்து நாலு பாக்கெட் வாங்கிப்போனார். நான்தான் பில் போட்டேன். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.