தொலைக்காட்சியில் மட்டுமே காற்பந்து ஆட்டம் பார்க்கும் மலேசிய ரசிகருக்கு, தன் கிளப் ஆட்டக்காரர்களை வாங்கும் விதத்தைக் கேள்வி கேட்க உரிமை உண்டா?

உரிமை உண்டு. "ஆதரவாளன் என்றால் அணியை ஆதரிக்க வேண்டும், கணக்குக் கேட்க நீ யார்?" என்று உங்கள் நண்பர் மடக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சுங்கை சிப்புட்டிலும், நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும் மென்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்காகத் தே தாரிக் குடித்துக்கொண்டு கண்விழித்திருக்கும் கூட்டத்தில் இதே வாதம் அடிக்கடி எழும். அதற்கு நான் தரும் பதில் எளிமையானது. 2022 முதல் 2025 வரையிலான மூன்று பருவங்களுக்கு இங்கிலாந்தின் பிரிமியர் லீக் விற்ற ஒளிபரப்பு உரிமைகளில், வெளிநாடுகளிலிருந்து வரும் தொகை பிரிட்டனுக்குள் கிடைக்கும் தொகையை முதன்முறையாக மிஞ்சியது. நாம் மாதந்தோறும் அஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சிக்குக் கட்டும் ரிங்கிட்டும் அந்தத் தொகைக்குள் இருக்கிறது. ஆகவே, கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்று தயங்க வேண்டியதில்லை. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் "இவனுக்கா இவ்வளவு விலை?" என்பதோடு நின்றுவிடுகிறோம். விலை மட்டும் ஒன்றையும் சொல்லாது. அந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தவர் யார், எந்தப் பயிற்றுநரின் ஆட்டமுறைக்காக அவர் வாங்கப்பட்டார், அந்தப் பயிற்றுநர் போய்விட்டால் இவருக்கு அணியில் இடம் இருக்குமா என்று கேட்டால்தான், போட்ட பணம் திட்டத்தோடு போடப்பட்டதா, அவசரத்தில் கொட்டப்பட்டதா என்பது விளங்கும்.

யுனைடெட்டையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டில் எரிக் டென் ஹாக் பயிற்றுநராக வந்தார்; அவர் முன்பு பயிற்சியளித்த அயாக்ஸ் கிளப்பிலிருந்து லிசாண்ட்ரோ மார்ட்டினஸும், ஏறத்தாழ 82 மில்லியன் பவுண்டுக்கு ஆண்டனியும் வந்தார்கள். அயாக்ஸில் அவரிடம் விளையாடியிருந்த கோல்காவலர் ஒனானா அடுத்த ஆண்டு வந்தார். அங்கே அவரிடம் விளையாடிய டி லிக்டும் 2024இல் வந்தார். ஒரு பயிற்றுநர் தனக்குத் தெரிந்தவர்களைக் கேட்பது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அந்தக் கோடையில் யோரோ, சிர்க்சி, மஸ்ராவி, உகார்ட்டே ஆகியோரையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர்களை வாங்க அனுமதி உள்ள காலம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், அக்டோபர் 28ஆம் தேதி, அதே நிர்வாகம் அவரை நீக்கியது. அடுத்து வந்த ரூபன் அமோரிம் மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களோடு ஆடும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறையில், பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடும் முன்கள ஆட்டக்காரருக்கு இடமே கிடையாது. 82 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியதோ அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரரைத்தான். 2025 ஜனவரியில் ஆண்டனி இரவல் ஆட்டக்காரராக ஸ்பெயினின் ரியால் பெட்டிஸுக்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 22 மில்லியன் யூரோவுக்கு அங்கேயே விற்கப்பட்டார். யுனைடெட் 2024-25 பருவத்தைப் பதினைந்தாம் இடத்தில் முடித்தது.

இதில் ஆண்டனியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டிஸில் அவர் நன்றாகவே விளையாடினார். அவரை வாங்கியவர்களிடம், அந்தப் பயிற்றுநருக்குப் பிறகும் நீடிக்கக்கூடிய ஒரு திட்டம் இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நீண்டகாலப் பயிற்றுநர் ஃபெர்குசன் 2013இல் ஓய்வு பெற்றதிலிருந்து 2021 வரை, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளக் காற்பந்து இயக்குநர் என்ற பதவியே அந்தக் கிளப்பில் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். இடையில் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார் என்று நான்கு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு விதமான ஆட்டத்துக்கு ஆள் கேட்டார்கள். ஒருவர் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர் அடுத்தவருக்குச் சுமையானார்.

கணக்கு எழுதும் முறையையும் ரசிகர் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனெனில் நாம் ஏமாறும் இடம் அதுதான். 80 மில்லியனுக்கு ஒருவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் ஆண்டுக்கு 16 மில்லியன்தான் செலவாக ஏறும், சம்பளம் தனி. இரண்டு ஆண்டு கழித்து அவரை 48 மில்லியனுக்குக் குறைவாக விற்றால் அந்த வித்தியாசம் நஷ்டமாகப் பதிவாகும். அதனால்தான் பயன்படாத ஆட்டக்காரரை விற்காமல் இரவலுக்கு அனுப்பி அனுப்பி இழுத்தடிக்கிறார்கள். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்கோ வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. அவனை விற்றால் வரும் தொகை முழுவதும் லாபம். மூன்று பருவங்களில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று பிரிமியர் லீக்கில் 2025-26 பருவம் வரை இருந்த விதிக்குள் அடங்க வேண்டியிருந்தபோது, முதலில் விற்கத் தோன்றியது அந்தப் பையனைத்தான். சிறு வயதிலிருந்து யுனைடெட்டில் வளர்ந்த ஸ்காட் மெக்டோமினே 2024 ஆகஸ்டில் ஏறத்தாழ 25 மில்லியன் பவுண்டுக்கு நாப்போலிக்கு விற்கப்பட்டார். அந்தப் பருவத்திலேயே நாப்போலி இத்தாலிய லீக்கை வென்றது, அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து யோசனையின்றி வாங்கியதற்கான விலையை வீட்டுப் பிள்ளை கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த முழு விவகாரத்திலும் எனக்கு ஆறாத வருத்தம்.

இதே கிளப் ஒரு காலத்தில் இதைச் சரியாகச் செய்தது. 2006 ஜனவரியில் தற்காப்பு ஆட்டக்காரர்களான விடிச்சையும் எவ்ராவையும், இருவருக்கும் சேர்த்து 13 மில்லியன் பவுண்டுக்கும் குறைவாக வாங்கினார்கள். எவ்ரா தன் முதல் ஆட்டத்தில், மென்செஸ்டர் சிட்டிக்கு எதிராகத் திணறி, இடைவேளையிலேயே வெளியே எடுக்கப்பட்டார். தேர்ந்தெடுத்த ஃபெர்குசன் பல ஆண்டுகள் அங்கேயே இருந்ததால், தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் தேறுவதற்கு அவகாசம் கிடைத்தது. இருவரும் பின்னர் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணியின் தூண்கள் ஆனார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்து அல்ல, எங்கள் தோட்டத் திடல். தீபாவளியை ஒட்டி நடக்கும் எழுவர் காற்பந்துப் போட்டிக்கு ஈப்போவிலிருந்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வெளியாட்களைக் கூட்டி வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஓர் ஆண்டு, நன்கொடையாளர் ஒருவர் கொடுத்த பணம் பெரும்பாலும் அப்படியே போனது. தோட்டத்துப் பையன்கள் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்கள். கிண்ணமும் கிடைத்தது. அதன்பின் நடந்த கூட்டத்தில் எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து செயலாளரிடம், "தம்பி, காசு போனா போகட்டும்யா. அந்த ஈப்போ பையன் அடுத்த வருசமும் நம்ம திடல்லதான் ஆடுவானா?" என்று கேட்டார். செயலாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அதற்கான பதில் இல்லை. கோபமில்லாமல் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்குப் பிறகுதான், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாரம் ஒருமுறை பயிற்சி என்ற பேச்சே எங்கள் கிளப்பில் தொடங்கியது.

நம் நாட்டு லீக்கில் இந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் போனால் விளைவு இன்னும் கடுமையானது, ஏனெனில் இங்கே நஷ்டத்தைத் தாங்க ஒளிபரப்புப் பணம் இல்லை. 2018இல் திரெங்கானுவைப் பினால்டியில் வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வென்ற பேரா அணி, சம்பளப் பாக்கிச் செய்திகளுக்கு நடுவே 2021இல் சூப்பர் லீக்கிலிருந்து தரமிறங்கியது. 2025இல் புதிய பருவத்திலிருந்தே விலகிக்கொண்டது. சம்பளப் பிரச்சினையால் மலாக்கா யுனைடெட் 2023 பருவத்துக்கு உரிமம் பெற முடியாமல் போனது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்த கிளப், கடைசிப் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்த்தது. 2022 பருவத்தோடு அதுவும் விலகியது. சிக்கனமாக இருந்த அணியும் தப்பவில்லை என்பதால், செலவைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிட மாட்டேன். பணம் எங்கிருந்து வருகிறது, அது நின்றுபோனால் அடுத்த ஆண்டு சம்பளம் யார் கொடுப்பார் என்று, புதிய வெளிநாட்டு ஆட்டக்காரரை விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்கும் நாளிலேயே ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டும். சம்பளம் வராத ஆட்டக்காரர்களுக்கும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் இருந்தன.

உங்கள் நண்பரிடம் சண்டை போட வேண்டாம். 2025 கோடையில் யுனைடெட் வாங்கிய முன்கள ஆட்டக்காரர்கள் மூவரையும் எடுத்து அவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். குன்யாவும் எம்பூமோவும் பிரிமியர் லீக்கில் ஏற்கெனவே ஆடித் தேறியவர்கள். எந்தப் பயிற்றுநர் வந்தாலும் ஓரளவு பயன்படுவார்கள் என்பது என் கணிப்பு. செஸ்கோ 22 வயதில், ஜெர்மன் லீக்கிலிருந்து வந்தவர். அவருக்கு அவகாசம் தரப்படும் என்று உறுதியளிக்கக்கூடியவர் யார் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். அடுத்த பெயர் செய்தியில் அடிபடும்போது, அவர் முதல் கோல் அடிப்பதற்கோ முதல் வாய்ப்பைத் தவறவிடுவதற்கோ முன்பாக, அவருடைய வயது, ஒப்பந்தத்தின் நீளம், அவரைக் கேட்டவரின் பெயர், அதே இடத்தில் ஆடும் நம் பயிற்சிப் பள்ளிப் பையனின் பெயர் ஆகிய நான்கையும் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவம் கழித்து அதே தாளை எடுத்துப் பாருங்கள்.